பெட்டியில் வந்த விமானம் முதல் எச்டி-2 வரை: யார் இந்த வி.எம். காட்கே?

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கி ஏரல், திருச்செந்தூர் பக்கம் போகிறவர்களுக்கு ஏடிஆர் விமானம் பழக்கமானதுதான். இருபக்கமும் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். அடுத்த முறை படியேறும்போது கதவோரம் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். அழகுக்காக வைத்தது இல்லை. ஒவ்வொன்றும் ஒரு ரிவெட். மெல்லிய அலுமினியத் தகட்டையும் உள்ளே இருக்கும் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் சிறு ஆணி. இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள் சேர்ந்ததுதான் உலோக விமானம்.

இந்த வேலையை இந்தியாவில் யார், எப்போது, எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?

அதற்குப் பதில் தேடினால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. விஷ்ணு மாதவ் காட்கே. பெங்களூருவில் இருப்பவர்களுக்கு எச்ஏஎல் நிறுவனத்தின் காட்கே கன்வென்ஷன் சென்டர் தெரிந்திருக்கும். கண்காட்சிக்கோ கருத்தரங்குக்கோ உள்ளே போய் வந்திருப்பார்கள். வாசலில் இருக்கும் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. சுதந்திர இந்தியா சொந்தமாக வடிவமைத்துக் கட்டிய முதல் விமானத்தின் தலைமை வடிவமைப்பாளர் அவர்.

முதலில், கிட் விமானம் என்றால் என்ன?

அமெரிக்காவில் வீட்டு கராஜில் விமானம் கட்டுவது ஒரு பெரிய ஹாபி. வெட்டிய தகடுகள், இறக்கைச் சட்டங்கள், ரிவெட் பாக்கெட்டுகள் எல்லாம் மரப்பெட்டியில் வீட்டுக்கே வரும். வரைபடத்தைப் பார்த்து நாமே பூட்ட வேண்டியதுதான். வேலைக்குப் போய்க்கொண்டே மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்பவர்களுக்கு முடிக்கச் சில வருடங்கள் ஆகும். இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றுக்கே பத்தாயிரத்துக்கும் மேல் ரிவெட் அடிக்க வேண்டிவரும். இந்தியாவிலும் மும்பையில் மொட்டை மாடியில் ஒரு விமானி கட்டிய விமானத்துக்கு 2017-ல் பதிவு கிடைத்தது. செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் பெட்டியில் வந்த உலோக விமானத்தைப் பிரித்துப் பூட்டிய கதை இந்தியாவில் 1941-லேயே நடந்துவிட்டது. அப்போது அது ஹாபி இல்லை. போர்க்கால வேலை.

கோலாப்பூர் டு கோட்டிங்கன்

காட்கே 1908 அக்டோபர் 24-ம் தேதி பிறந்தவர். கோலாப்பூர் பகுதிக்காரர். மும்பையில் அறிவியல் படித்துவிட்டு மேல்படிப்புக்கு ஜெர்மனியின் கோட்டிங்கன் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் லுட்விக் பிராண்டல். ஏரோநாட்டிக்ஸ் படிக்கிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஓடும் காற்று ஒரு பரப்பைத் தொடும் இடத்தில், அதை ஒட்டி மெல்லிய அடுக்காக வேகம் குறைந்து நகர்கிறது என்று 1904-ல் விளக்கியவர் அவர். இறக்கை ஏன் தூக்குகிறது, எப்போது தூக்காமல் கைவிடுகிறது என்பதையெல்லாம் கணக்கில் கொண்டுவர அந்த விளக்கம்தான் வழி திறந்தது.

அவரிடம் ஆராய்ச்சி செய்து 1936 வாக்கில் முனைவர் பட்டத்தோடு காட்கே ஊர் திரும்பினார். இங்கேதான் சிக்கல். விமானம் எப்படிப் பறக்கிறது என்று உலகத் தரத்தில் படித்தாயிற்று. ஆனால் படித்ததைச் செய்து பார்க்க இந்தியாவில் ஒரு விமானத் தொழிற்சாலைகூடக் கிடையாது. பறந்த விமானங்கள் எல்லாம் கப்பலில் வந்தவை. பழுதானால் இங்கே ஒட்டுப்போடலாம், அவ்வளவுதான்.

பெட்டியில் வந்த ஹார்லோ

நிலைமையை மாற்றியவர் ஒரு தொழிலதிபர். கப்பல் கம்பெனி நடத்திய வால்சந்த் ஹீராசந்த். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்கர் வில்லியம் பாலியைப் பயணத்தில் சந்தித்தார். பேச்சு பெங்களூரு வரை வந்தது. மைசூர் சமஸ்தானம் நிலமும் பணமும் கொடுத்தது. 1940 டிசம்பர் 23-ம் தேதி ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி பதிவானது. இன்றைய எச்ஏஎல்-ன் தொடக்கம் அதுதான். அங்கே சேர்ந்த ஆரம்பகால இந்தியப் பொறியாளர்களில் ஒருவர் காட்கே.

முதலில் வந்த வேலை ஹார்லோ பிசி-5 என்ற பயிற்சி விமானம். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் விமானம், முழுக்க உலோகம். பாகங்கள் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்தன. பெங்களூருவில் பூட்டி, 1941 ஆகஸ்டில் பறக்கவிட்டார்கள். கம்பெனி பதிவாகி எட்டே மாதம்.

இந்த ஹார்லோவின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. கலிபோர்னியாவில் பாசடீனா ஜூனியர் காலேஜில் மேக்ஸ் ஹார்லோ என்ற ஆசிரியர், மாணவர்களை வைத்து வகுப்பு புராஜெக்டாக ஒரு உலோக விமானம் கட்டினார். அந்த மாடலின் பெயரே பிஜேசி, காலேஜின் முதல் எழுத்துகள். அந்த வரிசையில் அடுத்தடுத்து வந்ததில் ஒன்றுதான் பெங்களூருவுக்கு வந்த பிசி-5. ஆக, இந்தியத் தொழிற்சாலை ஒன்று முதன்முதலாகப் பூட்டிப் பறக்கவிட்ட விமானத்தின் வேர் ஒரு காலேஜ் ஒர்க்ஷாப்பில் இருந்தது.

அடுத்தவர் வரைந்ததைப் பூட்டுவதோடு காட்கே நிற்கவில்லை. அதே 1941-ல் பத்துப் பேர் உட்காரக்கூடிய ஒரு கிளைடரை வடிவமைத்தார். ஜி-1 என்று பெயர். எஞ்சின் இல்லாமல், இன்னொரு விமானம் இழுத்துக்கொண்டு போகும் வகை. ஒன்றுதான் கட்டப்பட்டது. இருந்தாலும் அந்தத் தொழிற்சாலையில் வரைபடம் முதல் பறப்பது வரை இந்திய மூளையில் உருவான முதல் பொருள் அது.

தொழிற்சாலை கைமாறியது

அந்த வேகத்தில் போயிருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் 1942-ல் ஜப்பான் படை பர்மா வரை வந்துவிட்டது. அரசு கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்தது. வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டது. 1943-ல் நிர்வாகம் அமெரிக்க ராணுவ விமானப்படை கைக்குப் போனது. புது விமானம் கட்டுவது நின்றது. போரில் அடிபட்டு வரும் குண்டுவீச்சு விமானங்களையும் சரக்கு விமானங்களையும் பழுதுபார்த்து அனுப்பும் பட்டறையாக அது மாறியது.

போர்க்காலத்தில் இது நியாயமான முடிவு என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் டிசைன் செய்ய வந்த ஒருவருக்கு அங்கே என்ன வேலை?

பெங்களூருவிலேயே இந்திய அறிவியல் கழகத்தில், அதாவது ஐஐஎஸ்சி-யில், 1942 டிசம்பரில் விமானப் பொறியியல் துறை தொடங்கியது. நாட்டில் அப்படி ஒரு துறை அதுதான் முதல். பாடம் நடத்தப் போனவர் காட்கே. துறையின் தொடக்க காலப் பொறுப்பும் அவரிடம்தான். விமானம் கட்ட முடியவில்லையா, கட்டப்போகிறவர்களைத் தயார் செய்வோம் என்று எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் சதீஷ் தவன் வந்து சேர்ந்ததும் இதே துறையில்தான். இஸ்ரோவின் கதையில் வரும் பல பெயர்களுக்கு வேர் இங்கே இருக்கிறது.

இதற்கிடையே தொழிற்சாலையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பழுதுபார்க்கும் வேலைதானே என்று நினைக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அங்கேதான் தகடு வெட்டவும் மடிக்கவும் ரிவெட் அடிக்கவும் பழகினார்கள். போர் முடிந்ததும் ஆட்களைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அதே கைகளை வைத்து ரயில் பெட்டியும் பஸ் பாடியும் கட்டினார்கள். கான்பூரில் உபயோகிக்க முடியாதபடி உடைத்துப் போடப்பட்ட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை ஓரளவு ஒட்டுப்போட்டு, பெங்களூரு வரை பறக்கவைத்துக் கொண்டுவந்து, முழுசாகச் செப்பனிட்டு இந்திய விமானப்படைக்குக் கொடுத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள்! கான்பூரிலிருந்து அவற்றை ஓட்டிவந்தவர் கேப்டன் ஜாம்ஷெட் முன்ஷி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

தகரம் மாதிரி இருக்கும், தகரம் இல்லை

சரி, உலோக விமானம் கட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்? துணி போர்த்திய பழைய விமானங்களைவிட இது ஏன் பெரிய தாவல்?

முதல் விஷயம், அலுமினியம் தனியாக விமானத்துக்கு லாயக்கு இல்லை. சோற்றுப்பானை மாதிரி மெத்தென்று நசுங்கும். 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர் அதில் கொஞ்சம் செம்பும் மெக்னீசியமும் கலந்து, சூடாக்கி, தண்ணீரில் தோய்த்து எடுத்துப் பார்த்தார். எதிர்பார்த்த அளவு கெட்டியாகவில்லை. சில நாள் கழித்து அதே துண்டைச் சோதித்தால் தானாகவே கெட்டிப்பட்டிருந்தது. இதுதான் டூராலுமின். சும்மா வைத்திருந்தாலே வலுவேறும் உலோகம். எஃகைவிட மிகவும் லேசு, ஆனால் விமானத்தைத் தாங்கும் அளவு உறுதி.

ஆதிச்சநல்லூர் ஏரலிலிருந்து தாமிரபரணிக் கரையோரமாக மேற்கே போனால் ஸ்ரீவைகுண்டம் தாண்டி வருகிறது. அங்கே தோண்டியெடுத்த இரும்பு ஆயுதங்களையும் வெண்கலப் பாத்திரங்களையும் செய்தவர்களுக்கு, ஒரு உலோகத்தோடு இன்னொன்றைச் சேர்த்தால் குணம் மாறும் என்பது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. வில்ம் செய்ததும் அந்த வழியில்தான். புதுசு என்னவென்றால், காத்திருந்தால் கெட்டியாகும் என்பது.

ஆனால் அந்தச் செம்பே வினையாகவும் வந்தது. ஈரமும் உப்பும் பட்டால் இந்தக் கலவை சீக்கிரம் அரித்துப்போகும். தூத்துக்குடி கடல்காற்றில் சைக்கிள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீர்வு 1920-களின் கடைசியில் வந்தது. கலவைத் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்தமான அலுமினியத்தை மெல்லிய தோலாக ஒட்டிவிடுவது. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அதே யோசனை. உள்ளே இருக்கும் உலோகம் வலு கொடுக்கும், மேலே இருப்பது அதைக் காக்கும். அந்தத் தோலில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் காவல் போச்சு. அதனால்தான் விமானத் தகட்டில் கூரான ஊசியால் கோடு கிழித்து அளவு போடக் கூடாது என்பது முதல் பாடம். மற்ற பட்டறையில் அது சாதாரணம், இங்கே குற்றம்.

அடுத்தது விளிம்பு. தகட்டை வெட்டினால் ஓரத்தில் பிசிறு நிற்கும். ட்ரில் போட்டால் ஓட்டையைச் சுற்றிலும் பிசிறு நிற்கும். அரத்தால் தேய்த்து, நைஸாக்கி, விரல் வைத்தால் வழுக்கும்படி எடுக்க வேண்டும். ஒரு இறக்கைக்குச் சில ஆயிரம் ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். கிட் விமானம் கட்டுகிறவர்களைக் கேட்டால், விமானம் கட்டுவதில் பாதி நேரம் பிசிறு எடுப்பதிலேயே போகிறது என்று புலம்புவார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பறக்கும்போது தகடு ஓயாமல் அதிரும், வளையும், திரும்பும். பிசிறு உள்ள இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கும். பிறகு அது நகரும். 1954-ல் பிரிட்டனின் கோமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றும், இத்தாலியை ஒட்டிய கடலுக்கு மேல் நடுவானில் சிதறின. இரண்டிலும் யாரும் பிழைக்கவில்லை. இன்னொரு கோமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மறுபடி மறுபடி அழுத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். உடம்பில் திறப்புகள் வெட்டிய மூலைகளை ஒட்டிய ஆணி ஓட்டைகள் பக்கமே விரிசலின் தொடக்கம் இருந்தது. ஓட்டை என்பது விமானத்தில் சின்ன விஷயம் இல்லை.

அப்புறம்தான் ரிவெட். முதலில் அளவைவிடச் சின்னதாக ஓட்டை போடுவார்கள். தகடுகளைத் தற்காலிகக் கவ்விகளால் சேர்த்துப் பிடித்து, சரியான அளவுக்குப் பெரிதாக்குவார்கள். திரும்ப எல்லாவற்றையும் கழற்றி, பிசிறு எடுத்து, துரு தடுக்கும் பிரைமர் பூசி, மறுபடி பூட்டுவார்கள். ஒரு பக்கம் காற்றில் இயங்கும் சுத்தியல், மறுபக்கம் முட்டுக்கொடுக்க ஒரு கனமான இரும்புக் கட்டி. இரண்டு பேர் வேலை. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது, நடுவில் தகடு. தட்டும் சத்தத்தை வைத்தே ஒத்துப்போக வேண்டும். நசுங்கிய தலை ஆணியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும், பாதி உயரமும் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. தப்பான ரிவெட்டை ட்ரில் போட்டு எடுக்கும்போது ஓட்டை பெரிதாகிவிட்டால் அடுத்த அளவு ஆணிக்குத் தாவ வேண்டும்.

வலு அதிகம் தேவைப்படும் இடங்களில் இன்னொரு கூத்து. அங்கே போடும் ரிவெட்டும் டூராலுமின் வகைதான். சூடாக்கித் தோய்த்த உடனே மெத்தென்று இருக்கும், நேரம் போகப் போகக் கெட்டியாகிவிடும். கெட்டியானதை அடித்தால் விரியாமல் பிளக்கும். அதனால் சூளையிலிருந்து எடுத்த ரிவெட்டை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். குளிரில் கெட்டியாகும் வேகம் குறையும். வெளியே எடுத்துச் சில நிமிடங்களுக்குள் அடித்து முடிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானப் பட்டறைகளில் குளிர்பெட்டி கண்டிப்பாக இருந்ததற்கு இதுதான் காரணம். இப்போது கிட்டில் வரும் சாதாரண ரிவெட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எச்டி-2: மூன்று வருடம்

1948-ல் காட்கே திரும்பவும் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் வந்தார். இந்த முறை தலைமை வடிவமைப்பாளராக. அரசு கேட்டது ஒரு பயிற்சி விமானம். அப்போது புதுப் பைலட்டுகள் பழகியது டைகர் மோத் என்ற இரட்டை இறக்கை விமானத்தில். எஃகுக் குழாயும் மரமும் சேர்ந்த சட்டம், துணிப் போர்வை, திறந்த இருக்கை. போரில் நம்பிக்கையாக உழைத்த விமானம்தான், ஆனால் காலம் கடந்துவிட்டது. இன்னொரு பக்கம் பிரிட்டனின் பெர்சிவல் பிரென்டிஸ் விமானத்தை உரிமம் வாங்கிப் பெங்களூருவில் பூட்டும் வேலையும் நடந்தது.

அதாவது, வழி ஏற்கெனவே இருந்தது. வெளிநாட்டு வரைபடம், வெளிநாட்டுப் பாகம், இங்கே பூட்டு. அந்த நேரத்தில் சொந்தமாக வரைய முற்படுவது தேவையா என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது. வரைபடம் தப்பானால் போவது பணம் மட்டுமில்லை, உள்ளே உட்காரும் இருபது வயதுப் பையனும்தான். பயிற்சி விமானம் பார்க்க எளிமையாக இருந்தாலும், டிசைன் செய்பவருக்கு அதுதான் கஷ்டமான பரீட்சை. ஓட்டத் தெரியாதவர் ஓட்டுவதற்கென்றே கட்டும் விமானம் அது. அவர் தடாலென்று இறக்குவார், வேகத்தைக் குறைத்துவிட்டு முழிப்பார், தலைகீழாகத் திருப்புவார். எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

காட்கேயின் குழு எடுத்த முடிவு: முழு உலோகம். தாழ்வாக வைத்த ஒற்றை இறக்கை. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், மேலே கண்ணாடி மூடி. மடக்க முடியாத சக்கரங்கள், வால் பக்கம் ஒரு சின்னச் சக்கரம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி 10.72 மீட்டர். ஆடம்பரம் எதுவும் இல்லை. அதுதான் அதன் புத்திசாலித்தனம் என்றே சொல்லலாம். பழுதுபார்த்துப் பழகிய கைகளுக்குத் தெரிந்த வேலையை வைத்தே கட்டக்கூடிய விமானம்.

1951 ஆகஸ்டில் முதல் விமானம் ஓடுபாதையில் நின்றது. ஓட்டியவர் யார்? கான்பூரிலிருந்து உடைந்த லிபரேட்டர்களை ஓட்டிவந்த அதே ஜாம்ஷெட் முன்ஷி. பறந்தது, நல்லபடியாக இறங்கியது. அதில் இருந்த எஞ்சின் ஜிப்ஸி மேஜர். அடுத்த வருடம் வந்த இரண்டாவது மாதிரியில் 155 குதிரைத்திறன் கொண்ட சிரஸ் மேஜர் எஞ்சினை வைத்தார்கள். உற்பத்திக்கும் அதுவே நிலைத்தது. அதிகபட்ச வேகம் மணிக்கு 210 கிலோமீட்டரைத் தொடும். இன்றைய எக்ஸ்பிரஸ்வேயில் சில கார்கள் அந்த வேகத்துக்குப் போகும் என்று சிரிக்கலாம். பயிற்சிக்கு அது போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு எஞ்சினுமே பிரிட்டனிலிருந்து வந்தவை. உடம்பும் இறக்கையும் நம்முடையது, இதயம் இறக்குமதி. இந்தக் குறை அன்றோடு முடியவில்லை. தேஜஸ் போர் விமானத்துக்கும் எஞ்சின் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது. எச்டி-2 பற்றிப் பேசும்போது முதல் உள்நாட்டு விமானம் என்று சொல்லி இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர்.

அதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடாது. மொத்தம் 170-க்கும் மேல் கட்டினார்கள். விமானப்படை, கடற்படை, பறக்கும் கிளப்புகள் என்று ஒரு தலைமுறை பைலட்டுகள் முதன்முதலாகத் தரையைவிட்டு எழும்பியது எச்டி-2-ல்தான். ஆப்பிரிக்காவில் கானா நாடு 1959-ல் புதிதாக விமானப்படை தொடங்கியபோது, பயிற்சிக்கு வாங்கியது பன்னிரண்டு எச்டி-2. சுதந்திரம் வாங்கிப் பன்னிரண்டு வருடமே ஆன நாடு, இரண்டு வருடம் முன்பு சுதந்திரம் வாங்கிய நாட்டுக்கு விமானம் விற்றது.

புஷ்பக், கிருஷக், அப்புறம் டேங்க்

அதன்பிறகு காட்கேயின் பலகையிலிருந்து விமானங்கள் வரிசையாக வந்தன. 1958 செப்டம்பரில் புஷ்பக் பறந்தது. பறக்கும் கிளப்புகளுக்கான இரண்டு இருக்கை விமானம். உச்சியில் இறக்கை, 90 குதிரைத்திறன் எஞ்சின். எச்டி-2 மாதிரி முழு உலோகம் இல்லை, குழாய்ச் சட்டத்தின் மேல் துணி. விலையும் பராமரிப்பும் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அடுத்த வருடம் அதைப் பெரிதாக்கி கிருஷக். பெயர்தான் உழவன், வேலை பார்த்தது ராணுவத்துக்கு. பீரங்கிப் படைக்கு மேலிருந்து இலக்கு பார்த்துச் சொல்லும் வேலை.

இதே காலத்தில் பெங்களூருவுக்கு ஒரு பெரிய பெயர் வந்து இறங்கியது. குர்ட் டேங்க். ஹிட்லர் காலத்து ஜெர்மனியின் புகழ்பெற்ற போர் விமான வடிவமைப்பாளர். போருக்குப் பின் அர்ஜென்டினா போய், அங்கிருந்து 1956-ல் இந்தியா வந்தார். அவர் தலைமையில் உருவான எச்எஃப்-24 மாருத் ஜெட் போர் விமானம் 1961 ஜூன் 17-ம் தேதி பறந்தது. பத்திரிகை வெளிச்சம் எல்லாம் அந்தப் பக்கம் போனது இயல்புதான். ஆனால் டேங்க் வந்து இறங்கியபோது வெறும் பழுதுபார்க்கும் கொட்டகை அங்கே இல்லை. வரைபட மேசையும், தகட்டைப் பதமாக வளைக்கத் தெரிந்த தொழிலாளர்களும், சொந்தமாக ஒரு விமானத்தை முடித்து உற்பத்திக்கு அனுப்பிய அனுபவமும் இருந்தன. எச்டி-2 இல்லாமல் மாருத் வந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

சென்னை குரோம்பேட்டை எம்ஐடி-யில் படித்து முடித்த ராமேசுவரத்து இளைஞர் ஒருவர் பயிற்சிக்காக எச்ஏஎல் போனதும் 1950-களின் பிற்பகுதியில்தான். அங்கே விமான எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் வேலையைக் கற்றார். ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். அவர் நுழைந்தபோது எச்டி-2 உற்பத்தியில் இருந்த தொழிற்சாலை அது.

காட்கேயின் கடைசிப் பெரிய வேலை கிரண் ஜெட் பயிற்சி விமானம். 1959-ல் வடிவமைப்பு தொடங்கி, 1964 செப்டம்பர் 4-ம் தேதி பறந்தது. அடுத்த மாதமே கம்பெனி பெயர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்று மாறியது. 1965-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஏர் ஷோவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது விமானங்கள் ஒட்டினாற்போல் பறக்கும் சூர்யகிரண் குழுவை 90ஸ் கிட்ஸ் மறந்திருக்க மாட்டார்கள். 1996-ல் தொடங்கிய அந்தக் குழு முதலில் ஓட்டியது கிரண்தான்.

காட்கே 1991 டிசம்பர் 6-ம் தேதி காலமானார். ஏரோநாட்டிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா அவர் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. எச்டி-2 அதற்குள் ஓய்வுக்கு வந்துகொண்டிருந்தது. பழைய சிரஸ் எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைக்காத நிலையில் சில விமானங்களுக்கு லைகமிங் எஞ்சின் மாட்டி ஓட்டினார்கள். உடம்பு இன்னும் தாங்கும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அதைச் செய்தார்கள். பிறகு தீபக் விமானங்கள் அதன் இடத்துக்கு வந்தன. பெங்களூருவில் எச்ஏஎல் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு எச்டி-2-வைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். டிக்கெட் விலை குறைவுதான், குழந்தைகளோடு போக நல்ல இடம்.